ஏழரை இறங்கிய கதை!

"ஏணி கொண்டாந்திருக்கியா கண்ணு?"

ஆசை ஆசையாய் ஒரு ஜீப்பை வாங்கி வந்து வாசலில் நிறுத்தினேன். அப்பா கேட்ட முதல் கேள்வி இதுதான்!

அப்பாவுக்கு இப்போது வயது 73. பொதுப்பணித்துறையில் 33 வருடம் ஜீப் டிரைவராக இருந்தவர். பரம்பிக்குளம் ஆழியாறு திட்டத்து இன்ஜினீயர்களை ஆழியாறு, வால்பாறை, சோலையாறு என்று மலையெல்லாம் ஏற்றி இறக்கியவர். பொள்ளாச்சியில் எங்கள் வீட்டைப் பொறுத்தவரை ஜீப் என்பது வண்டி இல்லை, எனக்கு ஓர் அண்ணன். என் பிறந்தநாள் அவருக்கு மறந்து போகும். ஜீப்புக்கு ஆயில் மாற்ற வேண்டிய தேதி மறக்காது.

2009ல் ரிட்டயர் ஆனார். சாவியை ஆபீஸில் ஒப்படைத்துவிட்டு, சீட்டுக்கு அடியில் வைத்திருந்த துடைக்கிற துணியை மட்டும் மடித்து எடுத்துக்கொண்டு பஸ்ஸில் வீடு வந்து சேர்ந்தார். துணியை அலசி, காயப்போட்டு, பீரோவில் வைத்தார். யாரும் எதுவும் கேட்கவில்லை.

அன்றைக்கே முடிவு செய்தேன், ஒருநாள் அவருக்கு ஒரு ஜீப் வாங்கித் தரவேண்டும் என்று. கோயமுத்தூர் இன்ஷூரன்ஸ் ஆபீஸில் கிளார்க் உத்தியோகம். 'ஒருநாள்' வருவதற்குப் பதினாலு வருடம் ஆகிவிட்டது!

2023ல் பி.எஃப்.பில் கை வைத்தேன். "ஏங்க, ஏ.ஸி. வாங்கலாம்னு சொன்னீங்களே?" என்றாள் மனைவி. "ஜீப்புலயும் நல்லா காத்து வரும்" என்றேன். இரண்டு நாள் பேசவில்லை.

கிடைத்தது, 1994 மாடல் மஹிந்திரா எம்.எம்.540. பிரெஞ்சு பெஜோ கம்பெனி வடிவமைத்த 2,112 சி.சி. டீசல் இன்ஜின், நான்கு சக்கரத்துக்கும் ஓட்டம். விற்றவர் ஒரு காலேஜ் பையன். "ஃபுல்லா லிஃப்ட் பண்ணியிருக்கு அங்கிள்! ரோட்டுல போனா எல்லாரும் திரும்பிப் பார்ப்பாங்க" என்றான். அங்கிள் என்றதை மன்னித்தேன். வண்டி அவ்வளவு கம்பீரம்! யானை நிற்கிற மாதிரி நின்றது.

யானையில் ஏற யானை மண்டிபோட வேண்டும். ஜீப் போடாது. அதுதான் எனக்குத் தோன்றவில்லை.

அப்பாவுக்கு இடது முழங்கால் மடங்குவதில்லை. கைப்பிடியைப் பிடித்தார். காலைத் தூக்கினார். பாதிதான் வந்தது. நான் தாங்கப் போனேன். "வேண்டாம், வுடு" என்றார். மறுபடி ஒருமுறை. முடியவில்லை. பானெட்டை இரண்டு தட்டு தட்டிவிட்டு, "நல்லாருக்குது கண்ணு, நீ ஓட்டு" என்று சொல்லி உள்ளே போய் டி.வி. போட்டுக்கொண்டார்.

அடுத்த வாரம் கண் ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டி வந்தது. வாசலில் ஜீப் நிற்க, அப்பா ஆட்டோவில் போனார். பின்னாலேயே நான் ஜீப்பில் போனேன். தெருவே திரும்பிப் பார்த்தது. அந்தப் பையன் சொன்னது நிஜம்தான்!

*

வண்டியை இறக்கிவிடுவது என்று கிளம்பினேன்.

முதலில் போன பட்டறையில் ரொம்ப சுலபமாகச் சொன்னார்கள்: "மூவாயிரம் குடுங்க ஸார். ஸ்பிரிங் பட்டையைக் கேஸ்ல காய்ச்சி படுக்க வெச்சிடுறோம். ரெண்டு மணி நேர வேலை. டீ சாப்பிட்டு வாங்க."

டீ சாப்பிடுகிற இடத்திலிருந்து அப்பாவுக்குப் போன் போட்டேன். பத்து விநாடி மௌனம். "நெருப்புல காட்டறேன்னா சொன்னான்? வண்டியை எடுத்துட்டு ஊடு வந்து சேரு!"

விஷயம் இதுதான். ஸ்பிரிங் பட்டை சாதாரண இரும்பு இல்லை. சூடாக்கி, எண்ணெயில் சட்டென்று குளிரவைத்து, மறுபடி அளவாகச் சூடாக்கிப் பதம் செய்த எஃகு. வளைந்தால் திரும்பி வருகிற குணம் அந்தப் பதத்தில்தான் இருக்கிறது. கேஸ் நெருப்பில் சிவக்கக் காய்ச்சினால் அந்தப் பதம் போயிற்று. வண்டி அன்றைக்கு அழகாக இறங்கும். ஒரு மாசத்தில் இன்னும் தொங்கும். அல்லது ஒருநாள் பள்ளத்தில் விழும்போது படீரென்று ஒடியும். அது வால்பாறை ரோட்டில் நடந்தால்..? ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு மொத்தம் 40 கொண்டை ஊசி வளைவுகள். ஒடிவதற்கு இடம் தேட வேண்டியதில்லை!

அப்பா சொல்லி அனுப்பியது ஒரு பழைய பட்டறை. பட்டறைக்காரர் ஒரு பாய். அப்பா காலத்து மெக்கானிக். எனக்கு வயது 44; அவருக்கு நான் தம்பி. வண்டியைப் பார்த்ததும் பாய் சிரிக்கவில்லை. டேப்பை எடுத்துக்கொண்டு அடியில் படுத்துவிட்டார். அரை மணி கழித்து வெளியே வந்தார்.

"தம்பி, கம்பெனி உசரத்தைவிட ஏழரை அங்குலம் தூக்கிருக்காங்க."

"எவ்வளவு?"

"ஏழரை!"

எனக்கு ராசிபலனில் நம்பிக்கை கிடையாது. இருந்தாலும் லேசாகக் கழுத்து வேர்த்தது.

*

இந்த ஏழரை எப்படி வந்தது என்று பாய் தரையில் சாக்பீஸால் கணக்கே எழுதிவிட்டார்.

ஜீப் பரம்பரையில் அச்சு மேலே, ஸ்பிரிங் கட்டு கீழே. 1940களின் வில்லிஸ் ஜீப்பிலிருந்து எம்.எம்.540 வரை இதுதான் வழக்கம். பழைய ஓனர் அதைத் தலைகீழாக்கி, ஸ்பிரிங்கை அச்சுக்கு மேலே ஏற்றிவிட்டார். அச்சின் கனமும் ஸ்பிரிங் கட்டின் கனமும் சேர்ந்து 5 அங்குலம் உயர்ந்துவிட்டது.

ஸ்பிரிங்கைச் சட்டத்தோடு பிணைக்கிற ஷாக்கிளை 2 அங்குலம் நீளமாகப் போட்டிருந்தார். ஸ்பிரிங்கின் ஒரு முனைதான் ஷாக்கிளில் தொங்குகிறது. அதனால் நடுவில் இருக்கிற அச்சுக்குக் கிடைப்பது பாதி. 1 அங்குலம்.

டயர், கம்பெனி அளவுக்குச் சுமார் 28 அங்குல விட்டம். இவர் போட்டது 31. கூடுதல் 3 அங்குலத்தில் பாதிதான் அச்சுக்குக் கீழே இருக்கும். ஒன்றரை அங்குலம்.

5 + 1 + ஒன்றரை. ஆச்சா?

அடுத்து பாய் சொன்னதுதான் எனக்கு விழுந்த முதல் அடி. "இத்தனை தூக்கியும் டிஃபரன்ஷியலுக்கு அடியில எவ்வளவு இடம் கூடிருக்கு தெரியுமா? அதே ஒன்றரைதான். அச்சு, சக்கரத்தோடதானே நிக்குது? ஸ்பிரிங்கைத் தூக்கினா பாடிதான் மேலே போகும், அச்சு அங்கேயேதான் கிடக்கும். கல்லுல முதல்ல இடிக்கிறது அந்த டிஃபரன்ஷியல் உருண்டைதான். அப்புறம் எதுக்குத் தூக்கினாங்க?"

திரும்பிப் பார்ப்பதற்காகத்தான். வேறென்ன!

"சரி பாய், ஏழரையும் இறக்கிடுங்க. ரெண்டு பட்டையை உருவிட்டா இறங்காதா?" என்றேன், புத்திசாலித்தனமாக.

பாய் என்னைப் பார்த்த பார்வையில், என் கல்யாணத்தன்று மாமனார் பார்த்த அதே சந்தேகம்.

"இறங்கும். நாலு பேர் ஏறினா இன்னும் இறங்கும். அப்புறம் மெயின் பட்டை ஒடியும். உசரங்கறது ஒரு நம்பர் இல்லே தம்பி. குடும்பம் மாதிரி. ஒருத்தரை இடம் மாத்தினா மீதி அத்தனை பேரும் நகரணும். நகரலேன்னா சண்டை!"

அந்தக் குடும்பத்தில் யார் யார் என்று பார்த்தால், எனக்கு மூன்று மாதமாக வண்டியில் இருந்த வியாதி ஒவ்வொன்றுக்கும் காரணம் தெரிந்தது.

ஒன்று, ஸ்டியரிங் தண்டு. பாடி மேலே போனதும் அது செங்குத்தாகச் சரிந்துவிட்டது. சக்கரம் பள்ளத்தில் இறங்கி ஏறும்போதெல்லாம் தண்டு சக்கரத்தை இழுக்கும். நான் நேராகப் பிடித்திருந்தாலும் வண்டி தானாக ஒரு பக்கம் ஒதுங்கும். ரோடு சரியில்லை என்று நகராட்சியைத் திட்டிக்கொண்டிருந்தேன்!

இரண்டு, இன்ஜின் பக்கமிருந்து அச்சுக்குப் போகிற புரொப்பல்லர் ஷாஃப்ட். மேலே கியர்பாக்ஸும் கீழே அச்சும் விலகிப் போனதால் ஷாஃப்ட் படுக்காமல் சறுக்குமரம் மாதிரி நின்றது. இரண்டு முனையிலும் இருக்கிற கிராஸ்கள் அளவுக்கு மீறி மடங்கின. அறுபதைத் தொட்டதும் வண்டி நடுங்கியது அதனால்தான். எட்டாமல் போனதற்காக ஷாஃப்டை வெட்டி ஒட்டு போட்டு நீளமாக்கி இருந்தார்கள். இப்போது வண்டியை மட்டும் இறக்கினால் அந்த நீளம் போக இடமில்லாமல் கியர்பாக்ஸைக் குத்தும்.

மூன்று, முன்சக்கரம் திரும்புகிற அச்சின் சாய்வு. சைக்கிளில் கையை விட்டாலும் நேராகப் போவதற்கு ஃபோர்க் சாய்ந்திருப்பதும் ஒரு காரணம். அதே தத்துவம் ஜீப்பிலும் உண்டு. புது இருக்கைகளை வெல்டு வைத்தவர் அந்தச் சாய்வைக் கவனிக்கவில்லை. திருப்பினால் ஸ்டியரிங் தானாக நேருக்கு வராது.

நான்கு, நீளமான ஷாக் அப்சார்பர். வண்டியை இறக்கிவிட்டு இதை மாற்றாமல் விட்டால், பள்ளத்தில் ரப்பர் கட்டையில் இடிப்பதற்கு முன்பே ஷாக் அப்சார்பர் உள்ளுக்குள் முட்டி உடையும். ஐந்தாவது, பிரேக் ஹோஸ். நீளமாகத் தொங்கினால் டயரில் உரசித் தேயும். தேய்ந்தால் என்ன ஆகும் என்று நான் கேட்கவில்லை. பாயும் சொல்லவில்லை.

ஆக, அப்பா ஏறுவதற்காக இறக்கப் போன எனக்கு, அப்பா ஏறாமல் இருந்ததே நல்லதாய்ப் போயிற்று என்று தோன்றியது.

ஒரு பழைய பயம் வேறு ஞாபகம் வந்தது. வாங்கிய புதிதில் நண்பர்களோடு வால்பாறை போய் இறங்கும்போது, ஒரு வளைவில் உள்பக்கத்துப் பின்சக்கரம் லேசான மாதிரி இருந்தது. ஒரு விநாடிதான். "சூப்பர் ஸார்!" என்று பின்னாலிருந்து கத்தினார்கள். நானும் சிரித்து வைத்தேன்.

அதற்கும் ஒரு கணக்கு இருக்கிறது. இரண்டு சக்கரத்துக்கும் இடையிலுள்ள அகலத்தில் பாதியை, வண்டியின் எடைமையம் தரையிலிருந்து இருக்கும் உயரத்தால் வகுக்க வேண்டும். அமெரிக்க அரசின் சாலைப் பாதுகாப்புத் துறை 2001லிருந்து வண்டிகளுக்குக் கவிழும் அபாய மதிப்பெண் போட ஆரம்பித்தது இந்த விகிதத்தை வைத்துத்தான். உதாரணத்துக்கு, அகலம் 130 செ.மீ., எடைமையம் 65 செ.மீ. என்றால் விடை 1. எடைமையத்தை 15 செ.மீ. தூக்கினால் 0.81. காய்ந்த தார் ரோட்டில் நல்ல டயரின் பிடிமானமே கிட்டத்தட்ட அந்த அளவுக்கு வரும். அதாவது, வளைவில் வேகமாகப் போனால் வழுக்குவதற்கு முன்பே கவிழ்ந்துவிடலாம்!

அந்த 'சூப்பர் ஸார்' எவ்வளவு பக்கத்தில் வந்துவிட்டுப் போனது என்று அன்றைக்கு ராத்திரி படுக்கையில்தான் உறைத்தது.

*

"எங்கிட்ட இருக்கிறது ஜீப் இல்லையே, வேற பெரிய வண்டியாச்சே" என்கிற வாசகர்களுக்கும் இதே புத்திமதிதான்.

சுருள் ஸ்பிரிங் வண்டியில் ஒரு சுற்றை வெட்டி எறிந்தால் உயரம் குறையும். கூடவே ஸ்பிரிங் கெட்டியாகிவிடும். சுற்று குறையக் குறைய ஸ்பிரிங் விறைக்கும் என்பது ஸ்பிரிங்கின் ஜாதகம். ஒவ்வொரு வேகத்தடையையும் உங்கள் முதுகெலும்பு எண்ணிக் கொடுக்கும். முன்பக்கம் டார்ஷன் பார் இருக்கும் வண்டியில் ஒரு போல்ட்டைத் தளர்த்தினாலே இறங்கிவிடும். ரொம்ப சுலபம், அதனால்தான் ரொம்ப ஆபத்து. சக்கரம் மேலே ஏற இருந்த இடத்தைத் தின்றுவிட்டு, சின்னப் பள்ளத்துக்கெல்லாம் ரப்பரில் இடிக்கும். சக்கரங்களின் சாய்வும் மாறி டயர் ஒரு ஓரமாகத் தேயும்.

கம்பெனியே இறக்கினாலும் அதற்கு ஒரு விலை உண்டு. 1991ல் அமெரிக்காவில் ஜி.எம்.சி. கம்பெனி 'சைக்ளோன்' என்று ஒரு பிக்-அப் விட்டது. நான்கு சக்கர ஓட்டம், 4.3 லிட்டர் டர்போ இன்ஜின், 280 குதிரைத்திறன். தரையோடு தரையாக இறக்கப்பட்டது. ஃபெராரி காரோடு ஒரு பத்திரிகை ஓட்டப்பந்தயம் வைக்கும் அளவுக்கு வேகம். ஆனால், சுமக்கக்கூடிய பாரம் 500 பவுண்டு, சுமார் 227 கிலோதான்! லாரி வேகமாக ஓடும். சாமான் மட்டும் ஏற்றக்கூடாது. மூவாயிரத்துக்கும் குறைவாகத்தான் செய்தார்கள்.

இன்னொரு வழியும் உண்டு. 1990களின் தொடக்கத்தில் ரேஞ்ச் ரோவரில் காற்று ஸ்பிரிங் வந்தது. ஆள் ஏற ஓர் உயரம், ஹைவேக்கு ஓர் உயரம், காட்டுக்கு ஓர் உயரம். பட்டனை அழுத்தினால் யானை மண்டிபோடும். பணம் இருந்தால் பட்டன். இல்லாவிட்டால் பாய்!

*

2024 ஜூனில் வேலை ஆரம்பித்தது. எனக்கு அவசரம் வேறு. 1994 மாடல் என்பதால் அந்த வருடம் ஆர்.ஸி. புதுப்பிக்க வேண்டும். இன்ஸ்பெக்டர் வண்டியைப் பார்ப்பார். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52வது பிரிவு, கம்பெனி கொடுத்த அமைப்புக்கு மாறாக வண்டியை மாற்றக்கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதியாகச் சொன்னது. அதே வருடம் வந்த சட்டத் திருத்தத்தில், இப்படிச் செய்கிற ஓனருக்கு ஆறு மாதம் வரை சிறை, அல்லது ஒரு மாற்றத்துக்கு 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். என் வண்டியில் மாற்றம் மூன்று. மாற்றியவன் காலேஜ் பையன்; ஓனர் இந்த 'அங்கிள்'!

"அதனாலதான் சொல்றேன், புதுசா ஒரு உசரம் கண்டுபிடிக்க வேண்டாம். கம்பெனிக்காரன் வெச்ச இடத்துக்கே கொண்டு போயிடுவோம்" என்றார் பாய்.

நான்கு சனிக்கிழமை ஆனது. மேலே வைத்த வெல்டு இருக்கைகளை அறுத்து, அச்சை மறுபடி ஸ்பிரிங்குக்கு மேலே உட்கார வைத்தார். முன் அச்சின் சாய்வைச் சரிசெய்ய ஸ்பிரிங்குக்கும் இருக்கைக்கும் நடுவில் மெல்லிய ஆப்பு. ("பில்லைப் பாத்தா உங்களுக்கும் ஒண்ணு வெச்ச மாதிரி இருக்கும் தம்பி!") பழைய அளவு ஷாக்கிள், ஷாக் அப்சார்பர், பிரேக் ஹோஸ், டயர். ஷாஃப்டைக் கடைசலுக்கு அனுப்பிப் பழைய நீளத்துக்குக் கொண்டுவந்து பேலன்ஸ் பார்த்தார். யு போல்ட் மட்டும் புதுசு. "ஒருதடவை இழுத்துக் கட்டின யு போல்ட்டு நீண்டிருக்கும். அதைத் திரும்பப் போடக்கூடாது. ஐந்நூறு கிலோமீட்டர் ஓட்டிட்டு வாங்க, மறுபடி முறுக்கணும்."

மொத்தம் 41,000 ரூபாய். தூக்கினதுக்கு அந்தப் பையனுக்கு ஆன செலவைவிட அதிகமாக இருக்கும். ஏ.ஸி. வாங்கியிருக்கலாம் என்று மனைவி சொல்லவில்லை. பார்த்தாள். அவ்வளவுதான்.

வண்டியை வீட்டுக்குக் கொண்டுவந்தேன். இப்போது யானை இல்லை. சர்க்கார் ஜீப் மாதிரி, எந்தக் கம்பீரமும் இல்லாமல், பாட்டுக்கு நின்றது. வழியில் ஒருத்தரும் திரும்பிப் பார்க்கவில்லை.

அப்பா வெளியே வந்தார். சுற்றி வந்தார். குனிந்து அடியில் பார்த்தார். பிறகு உள்ளே போய்விட்டார். எனக்கு திக்கென்றது. பீரோ திறக்கிற சத்தம் கேட்டது. வரும்போது கையில் அந்தத் துணி!

முன் கண்ணாடியைத் துடைத்தார். கைப்பிடியைப் பிடித்து, வலது காலை வைத்து, இடது காலை இழுத்துக்கொண்டு ஏறி உட்கார்ந்தார். நான் தாங்கப் போகவில்லை.

"எங்கேப்பா போகலாம்?"

"ஆழியாறு தாண்டி ஒம்பதாவது வளைவு வரைக்கும் போ. லோம்ஸ் வியூவுல ஒரு நிமிசம் நிறுத்து. அங்கிருந்து பாத்தா டேம் தெரியும்."

வளைவுகள் ஆரம்பித்தன. வண்டி நடுங்கவில்லை, ஒதுங்கவில்லை. பெருமையாக அப்பா பக்கம் திரும்பினேன். அவர் ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். இடது கை மட்டும் தொடையின் மேல் கியர் மாற்றிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு வளைவிலும் நான் மாற்றுவதற்கு ஒரு விநாடி முன்னால்!

வியூ பாயிண்ட்டில் இறங்கி, கீழே அணையைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். ஏதாவது சொல்வார் என்று காத்திருந்தேன்.

"பின்னாடி ரைட் சைடு பட்டை கிறீச்சுங்குது. பாய்கிட்டச் சொல்லி ஷாக்கிள் புஷ்ஷைப் பாக்கச் சொல்லு" என்றார்.

பாயிடம் சொன்னேன். பார்த்தார். புஷ் நிஜமாகவே தேய்ந்துதான் இருந்தது!